சோல்ஜே மண், கால்போ பெயர்

சாங்கோக்
9 மார்ச் 2019

அன்புள்ள மா சார் அவர்களுக்கு,

பியோ தால்சு எழுதுவது. இந்தக் கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வரியும் முதலில் மலையேறுகிறது, பிறகு சறுக்கி விழுகிறது. ஒரு எழுத்து எருமை, பக்கத்து எழுத்து கொசு. நான் அழுத்துகிற அழுத்தில் பென்சில் மூன்று இடத்தில் தாளைக் கிழித்துவிட்டது. என் வீட்டுக்காரி மல்சுன் எட்டிப் பார்த்து, "கடுதாசி எழுதுறீங்களா, களை வெட்டுறீங்களா?" என்கிறாள்.

ஆமாம் சார், நானேதான் எழுதுகிறேன். எழுபத்தாறு வயதில். யாரும் பக்கத்தில் இல்லை. போன நவம்பரில் நகர மன்றக் கட்டடத்தில் பெரியவர்களுக்கு எழுத்து வகுப்பு தொடங்கினார்கள். பதினொரு பெண்கள், நான் ஒருவன் ஆண். முதல் நாள் தோக்சிம் அக்கா, அவருக்கு எண்பத்தொன்று, எல்லார் முன்னாலும் கேட்டார்: "ஏம்ப்பா, இத்தனை பொம்பளைங்க நடுவுல ஒத்தை ஆளா உக்காந்திருக்கியே, வெக்கமா இல்ல?"

"படவேண்டிய வெக்கத்தையெல்லாம் இந்தக் கதவுக்கு வெளியிலேயே பட்டு முடிச்சிட்டேன்க்கா" என்றேன். அன்றிலிருந்து என்னை வகுப்புத் தலைவராக்கிவிட்டார்கள். கரும்பலகை துடைப்பதுதான் வேலை.

உங்களுக்கு மட்டுந்தான் தெரியும் சார், உங்கள் மண் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் நான் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பிழைத்தது. தராசின் எண் தெரியும், கூட்டல் வகுத்தல் தெரியும். எழுத்து என்றால் இருட்டு. யாராவது என்னிடம் காகிதத்தை நீட்டினால் நீங்கள் எங்கிருந்தோ வந்து, "அண்ணன் கண்ணாடியை மறந்துட்டாரு, இங்க குடு" என்று வாங்கிக்கொள்வீர்கள். என்னிடம் கண்ணாடியே கிடையாது. அந்த நன்றியை எழுத்தில் சொல்ல வேண்டும் என்றுதான் முதல் கடிதம் உங்களுக்கு.

ஆனால் படிக்கத் தெரிந்தபின் உலகம் எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது சார். சந்தைக் கழிப்பறைச் சுவரில் இருப்பதை நான் இத்தனை காலம் ஏதோ பூவேலை என்று நினைத்திருந்தேன். போன மாதம் நின்று ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். வந்த வேலையை மறந்து வெளியே வந்துவிட்டேன். நான் தினமும் தின்னும் மீன் அப்பத்தின் பொட்டலத்தில் மீனுக்கு முன்னால் எட்டுப் பெயர் இருக்கிறது, ஒன்றுகூட வாயில் நுழையவில்லை. பேருந்து முழுக்க மூல நோய் விளம்பரம். அதன் கீழே உட்கார்ந்துதான் இத்தனை வருஷம் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் வகுப்பு யோம் டீச்சர், "சுவத்துல தொங்குற எதையாவது படிச்சிட்டு அஞ்சு வார்த்தை கொண்டு வாங்க" என்றார். தாழ்வாரத்தில், கால்போவில் கட்டப்போகும் புதுத் தொடக்கப்பள்ளியின் காகிதங்களை மக்கள் பார்க்கட்டும் என்று ஒட்டியிருந்தார்கள். ஆறாவது தாளில் ஒரு மண் அட்டவணை. அதன் அடியில் சிவப்பாக என் பெயர் முத்திரை! மேலே என் எண்கள்! மண் ஓடத் தொடங்கும் ஈரம் 41. உருட்டினால் நூல் உடையும் ஈரம் 22. தரையில் இருந்த ஈரம் 26. தெருவில் சொந்தப் பிள்ளைகளைப் பார்த்தது போல இருந்தது. "இது என் கை! தொண்ணூத்தொண்ணுல நான் உருட்டினது!" என்று கத்தினேன். பதினொரு பேரும் கை தட்டினார்கள்.

பிறகு மேலே இருந்த பெயரைப் படித்தேன். கால்போ என்று இருக்கிறது.

சார், அது சோல்ஜே மேட்டு மண் அல்லவா? அந்த வருஷம் இரண்டு இடத்திலிருந்தும் ஒரே நாளில் டப்பாக்கள் வந்தன. எனக்கு எழுத்து தெரியாததால் மூடியில் படம் கீறி வைப்பேன். கால்போவுக்கு நாணல், சோல்ஜேவுக்குப் பைன் இலை. நாணல் டப்பாவின் எண்கள் 65, 27, 72. மறக்க முடியுமா? ஓடுவதற்கு 65 போதும் என்கிற மண்ணுக்குள் 72 இருந்தது. வெட்டி வைத்தால் நிற்கும், பிசைந்தால் ஓடும். நீங்களே வந்து விரலை விட்டுப் பார்த்து, "அண்ணே, இது மண்ணில்ல, கஞ்சி" என்று சொன்னீர்கள்.

தட்டச்சு செய்த பெண் பெயரை மாற்றிப் போட்டுவிட்டாள் போலிருக்கிறது. பள்ளி மூன்று மாடி, அடியில் தோண்டி வண்டி நிறுத்துமிடம். மே இரண்டாம் தேதி தோண்டத் தொடங்குகிறார்கள். இந்தத் தாளை நம்பித்தான். நான் போய்ச் சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் ஒரு வார்த்தை எழுதினால் திருத்திவிடுவார்கள்.

இதை எழுத மூன்று நாள் ஆயிற்று. உங்கள் வீட்டில் எல்லாரையும் மல்சுன் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

வணக்கத்துடன்,
பியோ தால்சு
(முத்திரை இல்லை. கையெழுத்து, நானே போட்டது.)


தேஜோன்
17 மார்ச் 2019

அன்புள்ள தால்சு அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உறையின் மேல் முகவரியைப் பார்த்து யாரோ சின்னப் பிள்ளை எழுதியது என்று நினைத்தேன். உள்ளே உங்கள் பெயர். என் மனைவி, "என்னாச்சு உங்களுக்கு, கண்ணு கலங்குது?" என்றாள். என் மகனுக்கும் காட்டினேன். ஆய்வுக்கூடத்தை இப்போது அவன்தான் நடத்துகிறான், தெரியும் அல்லவா? "அந்தப் பெரியப்பாவா எழுதினாரு!" என்று அவனுக்கும் ஆச்சரியம்.

நீங்கள் உருட்டும் நூலை நான் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன் அண்ணே. கண்ணாடித் தகட்டின் மேல் உள்ளங்கையால் மண்ணை உருட்டி, மூன்று மில்லிமீட்டரில் அது வெடிக்கும் கணத்தில் நிறுத்துவீர்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் மயிரிழை தப்பாது. பட்டம் வாங்கி வந்தவர்களுக்கு அது வரவில்லை. "உங்க கை இருக்கையில எழுத்து எதுக்கண்ணே?" என்று நான் சொன்னது வெறும் பேச்சல்ல.

அந்த அட்டவணை விஷயம். தவறாக நினைக்காதீர்கள். புதிதாகப் படிக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற பிழைதான் இது. கால்போ, சோல்ஜே இரண்டுமே நம் கொரிய எழுத்தில் இரண்டு கட்டம். இரண்டிலும் முதல் கட்டத்தின் அடியில் அதே நெளிந்த எழுத்து படுத்திருக்கிறது. அவசரத்தில் கண் ஏமாந்துவிடும். என் பேத்தி ஒன்றாம் வகுப்பில் இப்படித்தான் படித்தாள். தவிர, இருபத்தெட்டு வருஷத்தில் எத்தனை ஆயிரம் டப்பா பார்த்தீர்கள்? எந்த எண் எந்த டப்பா என்று எனக்கே நினைவில்லை.

இதை வகுப்பிலோ வெளியிலோ பேசவேண்டாம் அண்ணே. ஊர்க்காரர்கள் வாய் பொல்லாதது. "நேத்து எழுத்துக் கத்துக்கிட்டவரு இன்னைக்கு அரசாங்க அறிக்கையைத் திருத்த வந்துட்டாரு" என்பார்கள். உங்களை யாராவது கேலி செய்தால் எனக்குத் தாங்காது. கதைப் புத்தகம் படியுங்கள், பாட்டுப் புத்தகம் படியுங்கள். கண் குளிர இருக்கும்.

காய்ந்த நெத்திலி ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். அண்ணிக்கு என் வணக்கம்.

உங்கள் தம்பி,
மா கிசோக்


சாங்கோக்
26 மார்ச் 2019

மா சார் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் நம்பினேன். படித்துவிட்டு வெட்கப்பட்டுக்கொண்டு, உங்கள் நெத்திலியைக் கிம்ச்சியோடு தின்றேன். "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மல்சுனிடமும் சொன்னேன்.

மறுநாள் வகுப்பில் யோம் டீச்சரிடம், "கால்போ, சோல்ஜே, ரெண்டையும் பெரிசா எழுதிக் கொடுங்க" என்றேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. அந்தத் தாளைத் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் அட்டவணையின் பக்கத்தில் பிடித்தேன். நீங்கள் சொன்னது உண்மை, அடியில் படுத்திருக்கும் நெளிந்த எழுத்து இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் கால்போவின் முதல் எழுத்து மடங்கிய முழங்கை. சோல்ஜேவின் முதல் எழுத்து காலை அகட்டி நிற்கும் ஆள். முழங்கைக்கும் காலுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. தாளில் இருந்தது முழங்கை. ஏழு தடவை பார்த்தேன். ஏழு தடவையும் முழங்கை.

அதன்பின் வெள்ளிக்கிழமை காலை மண்வெட்டியும் மூடிவைத்த வாளியுமாக கால்போவுக்குப் பேருந்தில் போனேன். நாம் ஆய்வு செய்த இடத்தில் அப்போது கட்டிய உப்புக் கிடங்கு இன்னும் நிற்கிறது. நிற்கிறது என்றா சொன்னேன்? தரை ஒரு பக்கம் இறங்கி, கதவு சட்டத்துக்குள் போகாமல் கம்பியால் கட்டி வைத்திருக்கிறார்கள். கட்டி இரண்டாம் வருஷமே இறங்கியது, நினைவிருக்கிறதா? கட்டிய கொத்தனார் தோவின் மேல் பழி விழுந்தது. குடித்துவிட்டுக் கட்டினான் என்றார்கள். அந்த ஆளுக்கு இந்த ஊரில் யாரும் வேலை கொடுக்கவில்லை. சந்தை முனையில் நீங்களும் நானும் மக்கொல்லிக் கள் குடித்துக்கொண்டு, "மட்டப்பலகையைக்கூட அடகு வச்சிட்டான் போல" என்று சிரித்தோம். நீங்கள் சொன்னீர்கள், நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது என் வாய்க்குள் விரல் விட்டு எடுக்கலாம் போல இருக்கிறது. நாற்றம்.

வாய்க்கால் கரையை இடுப்பளவு வெட்டினேன். மேலே ஒரு சாண் காய்ந்த ஓடு, அதன்மேல் யார் நடந்தாலும் கெட்டித் தரை என்பார்கள். கீழே அதே நீலச் சாம்பல் நிறம், அதே அழுகிய சிப்பி நாற்றம். கட்டியாக வெட்டி வாளியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

சாப்பாட்டு மேசையின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டேன். கட்டியைத் தட்டில் வைத்தேன். டோஃபு போல அழகாக, முனை மழுங்காமல் நின்றது. அதையே கையில் எடுத்து இருபது எண்ணும்வரை பிசைந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்கவில்லை சார். விரலிடுக்கில் வழிந்து தட்டு முழுக்கப் பரவியது.

மல்சுன் அலறினாள். "ஐயே! சோறு திங்கிற தட்டுல என்ன கருமம் இது?"

"பள்ளிக்கூடம்" என்றேன்.

அவள் போய், சமையல் தராசையும் பழைய வாணலியையும் எடுத்துக்கொண்டு வந்தாள். ஈரமாக 344 கிராம். சிறுதீயில் கிளறிக் கிளறி, எடை குறையாமல் நிற்கும்வரை காயவைத்தேன். 200 கிராம். போன தண்ணீர் 144. நூறு பங்கு காய்ந்த மண்ணுக்கு எழுபத்திரண்டு. இருபத்தெட்டு வருஷமாக அந்த எண் அங்கேயே உட்கார்ந்து எனக்காகக் காத்திருக்கிறது. பிசைந்ததில் மீதியைக் காற்றில் ஆறவைத்து, மாவுப் பதம் வந்ததும் கண்ணாடி மேல் உருட்டினேன். கை மறக்கவில்லை. மூன்று மில்லிமீட்டரில் வெடித்தது. அந்தத் துண்டுகளையும் வறுத்து நிறுத்தேன். இருபத்தேழு.

மண் ஒன்றுதான். அதற்குள் எவ்வளவு தண்ணீர் என்பதுதான் அது கல்லா, மாவா, கஞ்சியா என்று சொல்கிறது. அதைச் சொல்வதற்குத்தானே நமக்கு வேலை கொடுத்தார்கள்?

வாணலியைக் கழுவிக்கொண்டு நிற்கும்போதுதான் எனக்குப் புரிந்தது. தட்டச்சுப் பெண் தவறு செய்திருந்தால் எங்காவது ஒரு எண்ணும் பிசகியிருக்கும். எண் எல்லாம் சரி. பெயர் மட்டும் மாறியிருக்கிறது. பொய் எழுத நினைக்கிற ஆள் எண்ணைத்தானே மாற்றுவான்? ஏன் மாற்றவில்லை? எண்ணை மாற்றியிருந்தால் முத்திரை வைக்கும்போது எனக்குத் தெரிந்திருக்கும். 72ஐ 26 ஆக்கியிருந்தால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். அதனால் எனக்குத் தெரிந்ததைத் தொடாமல், எனக்குத் தெரியாததை மாற்றினாய்.

இந்த வரியிலிருந்து உன்னை நீ என்று எழுதுகிறேன். நான் உன்னைவிட மூன்று வயது மூத்தவன். முப்பது வருஷம் உன்னைச் சார் என்றேன், அது போதும்.

நீ எனக்கு அந்தத் தாளை நீட்டியது நினைவிருக்கிறது. "உங்க எண்ணுதானே அண்ணே, சரியா இருக்கா பாருங்க" என்றாய். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். "அத்தனையும் சரி சார்" என்றேன். பெருமையோடு மைப்பெட்டியில் முத்திரையை ஒற்றி வைத்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை அன்றைக்கு அன்பு என்று எடுத்துக்கொண்டேன். கண்ணாடியை மறந்துட்டாரு! என் குருட்டை நீ மூடி வைத்தாய் என்று நன்றி சொன்னேனே. உனக்குத் தேவைப்படும்போது எடுக்கத்தான் மூடி வைத்திருந்தாய்.

மிச்ச நெத்திலியை நாய்க்குப் போட்டேன். ஆவலாகத் தின்றது. அதற்கு எழுத்து தெரியாது.

ஏப்ரல் பதினொன்றாம் தேதி மக்கள் கருத்துக் கூட்டம். அதற்குள் நகர அலுவலகத்துக்கு நீயே எழுது.

பியோ தால்சு


தேஜோன்
3 ஏப்ரல் 2019

தால்சு அண்ணே,

நீங்கள் என்னை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். அந்த உரிமை உங்களுக்கு உண்டு.

மறைக்கவில்லை. பெயரை மாற்றியது நான்தான். அப்போது நம் நிலைமை உங்களுக்குத் தெரியாது. உப்புக் கிடங்கு கட்டிய அந்த ஒரு வாடிக்கையாளர் போயிருந்தால் ஆய்வுக்கூடத்தை மூடியிருப்போம், பதினான்கு பேரும் தெருவில். உங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "சின்ன உப்புக் கிடங்குக்கு எதுக்கு சார் இவ்வளவு பயமுறுத்துறீங்க?" என்றார்கள். ஒரே தளம், தகரக் கூரை. என் மனசிலும் அது பெரிய தப்பாகப் படவில்லை. சோல்ஜே மேட்டில் யாரும் எதுவும் கட்டப்போவதில்லை, அதற்கு எந்த எண் போனால் என்ன என்று நினைத்தேன். பெயரை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். ஒரு எண்கூடப் பொய் இல்லை அண்ணே. உங்கள் உழைப்பில் நான் கை வைக்கவில்லை.

இருபத்தெட்டு வருஷம் கழித்து எவனோ அந்தத் தாளை எடுத்துப் பள்ளிக்கு ஒட்டுவான் என்று கனவா கண்டேன்? புதிதாகத் துளை போட்டுப் பார்க்காதது அவர்கள் சோம்பேறித்தனம். இவ்வளவு காலத்தில் அந்த மண்ணும் கொஞ்சம் இறுகியிருக்கும். இந்தக் காலத்து எஞ்சினியர்கள் எப்படியும் தூண் இறக்கித்தான் கட்டுவார்கள்.

ஒன்று யோசியுங்கள். தாளில் சோதனை செய்தவர் என்ற இடத்தில் இருப்பது உங்கள் முத்திரை. கூட்டத்தில் எழுந்து நின்றால் முதல் கேள்வி உங்களுக்குத்தான் வரும். படிக்காமல் ஏன் முத்திரை வைத்தீர்கள் என்பார்கள். என்ன சொல்வீர்கள்? கப்பல் கட்டும் துறையில் மேற்பார்வையாளராக இருக்கும் உங்கள் மகனுக்கே தெரியாத விஷயம் ஊருக்குத் தெரியவேண்டுமா? முப்பது வருஷம் நான் அதைக் காப்பாற்றினேன். கணக்குச் சொல்லிக் காட்டவில்லை, உங்களுக்காகத்தான் சொல்கிறேன்.

என் மகன் இப்போதுதான் தலைதூக்குகிறான். இந்த ஒரு பெயர் வெளியே வந்தால் இதுவரை போன அறிக்கை அத்தனையையும் தோண்டுவார்கள்.

அடுத்த மாதம் நேரில் வருகிறேன். அண்ணி கையால் சோயாக் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம். அதுவரை பொறுங்கள் அண்ணே.

மா கிசோக்


சாங்கோக்
14 ஏப்ரல் 2019

கிசோக்,

உன் கடிதத்தையும் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தேன். நூலாக நிற்கவில்லை. தண்ணீர் அதிகம், விரலில் ஒட்டிக்கொண்டது. "உங்கள் உழைப்பில் கை வைக்கவில்லை" என்ற வரியைப் படித்துவிட்டுப் போய்க் கை கழுவினேன். வந்து மறுபடி படித்தேன், மறுபடி கழுவினேன். மல்சுன் பிடுங்கி அரிசி டப்பாவுக்குக் கீழே வைத்துவிட்டாள். நீ அடுத்த மாதம் வருவதாக எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "வரட்டும். அந்த வாணலியிலேயே குழம்பு வச்சுக் கொடுக்கிறேன்" என்றாள்.

அடுத்த மாதம் தோண்டியிருப்பார்கள். அது தெரிந்துதான் அடுத்த மாதம் என்று எழுதினாய்.

கூட்டத்துக்குப் போனேன். வகுப்பு மொத்தமும் கூட வந்தது. என் முறை வந்ததும் திட்ட அதிகாரி, பையன் வயதுதான், "சொல்லுங்க தாத்தா, என்ன தெரிஞ்சுக்கணும்?" என்றான்.

"தெரிஞ்சுக்க வரல. தெரிஞ்சதைச் சொல்ல வந்தேன்."

ஆறாவது தாளைத் திரையில் போடச் சொன்னேன். மேலிருந்து கீழ்வரை சத்தமாகப் படித்தேன். எனக்கு வேகம் வராது, தெரியுமே. மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். கால்போ என்ற இடத்தில் நிறுத்தினேன்.

"இந்த எண்ணு என்னோடது. இந்த முத்திரை என்னோடது. இந்தப் பேரு என்னோடதில்ல. இது சோல்ஜே மேட்டு மண்ணு. கால்போ மண்ணுல தண்ணி எழுவத்திரண்டு. தோண்டி அசைச்சீங்கன்னா அது சுவரை நிக்கவிடாது, உள்ள வந்துரும்."

அவன் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க முத்திரை வச்சிருக்கீங்களே. வைக்கும்போது படிச்சுப் பாக்கலையா?"

இந்தக் கேள்வியைத்தான் நீ எனக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்திருந்தாய். அதனால் பதில் தயாராக இருந்தது.

"அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது. எண்ணு மட்டும்தான் தெரியும். போன நவம்பர்ல இருந்துதான் எழுத்து."

பின்னால் ஒருவன் சிரித்தான். தோக்சிம் அக்கா ஊன்றுகோலைத் தரையில் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். "எவன்டா அது? எந்திரிச்சு நில்லு, மூஞ்சியைப் பாக்கணும். உன் பேரப்புள்ளை உக்காரப்போற எடத்தைப் பத்திப் பேசிக்கிட்டிருக்காரு எங்க தலைவரு, உனக்குச் சிரிப்பு வருதா?" யாரும் எழுந்திருக்கவில்லை. சிரிப்பும் வரவில்லை.

பயந்தது அவ்வளவுதான் கிசோக். எழுபத்தாறு வருஷம் சுமந்ததை இறக்கிவைக்க ஒரு மூச்சு போதுமாக இருந்தது. உட்கார்ந்தபோது பசித்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நன்றாகச் சாப்பிட்டேன். மறுநாள் காலை மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். யாரோ சொல்லிவிட்டார்கள். "அப்பா, அதுக்காகத்தான் என் மார்க் அட்டையில எல்லாம் கையெழுத்துப் போடாம முத்திரை வச்சீங்களா?" என்றான். ஆமாம் என்றேன். "எனக்குக் கோபமா இருக்குப்பா. உங்க மேல இல்ல" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறான். இறந்துபோன கொத்தனார் தோவின் மகள் எங்கே இருக்கிறாள் என்று அவனை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவளுக்கும் நான் ஒரு கடிதம் எழுதவேண்டும். அதில் நானும் சிரித்தேன் என்று எழுதவேண்டும். அதை எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை.

கூட்டத்தில் என்ன முடிவானது என்று கேட்பாய். கேள், உனக்கும் குமட்டட்டும். அதிகாரி என் வீட்டு வாணலிக் கணக்கைக் குறித்துக்கொண்டான். பிறகு சொன்னான்: "புதுசாத் துளை போட்டுப் பாக்க மேல எழுதுறோம் தாத்தா. அனுமதி ஜூன்ல வரும்." தோண்டுவது மே இரண்டு. "அப்ப தோண்டுறதை நிறுத்துங்க" என்றேன். "ஒருத்தர் ஞாபகத்தை வச்சு ஒரு அறிக்கையை ரத்து பண்ண முடியாது. அந்தக் காலத்துல ஆய்வுக்கூடத் தலைவரா இருந்தவரு எழுத்துல கொடுத்தா அன்னைக்கே நிறுத்திரலாம்" என்றான்.

எழுத்தில். என் கை போதும், எழுத்து எதற்கு என்றாயே, அவர்களுக்கு என் கை போதவில்லை, உன் எழுத்துதான் வேண்டுமாம். உன் கடிதத்தைக் காட்டலாம் என்று மல்சுன் சொன்னாள். காட்டத்தான் போகிறேன், நாளை அரிசி டப்பாவைத் தூக்கச் சொல்லியிருக்கிறேன். ஆனால் எனக்கு வந்த கடிதம் வேறு, நீ அவர்கள் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போடுவது வேறு. அது உன் கையிலிருந்து வரவேண்டும். அந்தப் பள்ளி கட்டி முடிந்ததும் சேர இருநூற்றுப் பத்துப் பிள்ளைகளை இப்போதே பதிந்துவிட்டார்கள். பெயர்ப் பட்டியலும் சுவரில் ஒட்டியிருக்கிறது. தினமும் இருபது பெயர் படிக்கிறேன். இப்போது எனக்கு முழங்கையும் காலும் குழம்புவதே இல்லை.

எங்கள் வகுப்பில் டீச்சர் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுப்பார். மேலே ஒரு வரி எழுதியிருக்கும். கீழே பத்து வரி காலி. பார்த்து எழுதிக்கொண்டு வரவேண்டும். உனக்கும் ஒரு தாள் தயார் செய்து இதோடு வைத்திருக்கிறேன். கோடு அளவுகோல் வைத்துப் போட்டது. மேல் வரி நான் எழுதியது, பிழை இல்லை, டீச்சர் பார்த்துவிட்டார்:

"1991இல் சோல்ஜே மண்ணுக்குக் கால்போ என்று பெயர் எழுதியவன் நான்."

பத்து வரியும் எழுதவேண்டாம். ஒரு வரி போதும். கீழே உன் பெயர், தேதி. நகர அலுவலகத்தின் முகவரி எழுதி, தபால்தலை ஒட்டிய உறை உள்ளே இருக்கிறது. நாக்கால் தடவி ஒட்டுவது மட்டும் உன் வேலை.

தாள் போய்ச் சேர்ந்ததா என்று திங்கட்கிழமைதோறும் நகர அலுவலகத்தில் போய்க் கேட்பேன். இல்லை என்றால் அடுத்த வாரம் இன்னொரு தாள் கோடு போட்டு, இன்னொரு உறை வைத்து உனக்கு எழுதுவேன். எனக்கு எழுதுவது இன்னும் அலுக்கவில்லை.

பியோ தால்சு